செங் லின்ஷு (1790–1857)

செங் லின்ஷு சிங் அரச மரபுக் காலத்தில் சீனாவின் ஹூனான் மாகாணத்துச் சியாங்சியாங் வட்டாரத்தில் வாழ்ந்த கிராம ஆசிரியர். தைப்பிங் கிளர்ச்சியை ஒடுக்கிய படைத்தலைவரும் அறிஞருமான செங் குவோஃபான் (1811–1872) இவருடைய மூத்த மகன். லின்ஷுவைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி மகன் எழுதிய கல்லறைக் குறிப்பிலிருந்து கிடைப்பவை. எனவே அவற்றில் நன்றியுணர்வும் கலந்திருக்கும்.

குடும்பத் தொழில் உழவு. பல தலைமுறைகளாக அக்குடும்பத்தில் தேர்வுப் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை. லின்ஷுவின் தந்தை செங் யூபிங் இளமையில் படிப்பைத் தவறவிட்டவர். நடுவயதில் அது அவரை உறுத்தியது. மகனைப் படிக்க வைத்தார், ஆனால் பலர் முன்னிலையில் உரத்த குரலில் ஏசவும் செய்தார். வேறு யார்மீதோ வந்த கோபமும் சில வேளை மூத்த மகனான லின்ஷுவின் தலையில்தான் இறங்கியது.

அரசுத் தேர்வுகளின் முதற்படியைத் தாண்டியவர் சியூட்சாய் எனப்பட்டார். மூன்றாண்டுகளில் இருமுறை நடந்த அத்தேர்வில் லின்ஷு பதினாறு முறை தோற்றார். இடையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னார்.

குவோஃபான் எட்டாம் வயதிலிருந்து தந்தையின் வீட்டுப் பள்ளியில் பயின்றார். லின்ஷு கற்பித்த முறை எளியது: புரியாவிட்டால் மீண்டும் சொல்வது, அப்போதும் புரியாவிட்டால் மூன்றாம் முறை சொல்வது. வழிநடையிலும், படுக்கையிலும்கூட, முன்பு தடுமாறிய இடத்தையே திரும்பக் கேட்பார். முழுதும் தெளியும்வரை விடமாட்டார். தாமே மந்தமானவர் என்பதால் மந்தமான பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது தமக்குச் சிரமமில்லை என்பாராம். ஏச்சுக் கேட்டு வளர்ந்தவர் பொறுமையையே கற்பிக்கும் முறையாக்கிக்கொண்டது கவனிக்கத்தக்கது. பிற மாணவரையும் இளைய மகன்களையும் அவர் நடத்திய விதமும் இதுவே. பின்னர் மகனை வெளி ஆசிரியர்களிடமும் கல்விக்கூடங்களுக்கும் அனுப்பினார். சாங்ஷா நகரின் யூலு கல்விக்கூடம் அவற்றுள் புகழ்பெற்றது.

தந்தையும் மகனும் எழுதுகோல் மூட்டையுடன் கால்நடையாகவே தேர்வுக்குப் போனார்கள். 1832இல், பதினேழாம் முயற்சியில், சீனக் கணக்கில் 43 வயதான லின்ஷு தேறினார். மகன் மறு ஆண்டு தேறினார். தந்தை அந்தப் படியோடு நின்றார். மகன் 1834இல் மாகாணத் தேர்விலும் வென்றார்.

பெய்ஜிங்கில் நடந்த உயர்தேர்வில் குவோஃபான் 1835, 1836 ஆகிய ஆண்டுகளில் தோற்றார். ஊர் திரும்பும் வழியில் அறிமுகமான அதிகாரி ஒருவரிடம் நூறு லியாங் வெள்ளி கடன் வாங்கி, நான்ஜிங்கில் வரலாற்று நூல் தொகுதி ஒன்றை வாங்கினார். பணம் போதாமல் உடைகளையும் அடகு வைத்தார். தந்தை கடிந்துகொள்ளவில்லை. கடனை எப்படியாவது தாம் அடைப்பதாகவும், அந்நூல்களை முழுதும் படித்து முடித்தால் போதும் என்றும் சொன்னார். குவோஃபான் ஏறத்தாழ ஓராண்டு வீட்டைவிட்டு வெளியேறாமல் படித்தார். அடுத்த தேர்வுக்காக உறவினரிடம் கடன் வாங்கிய 32 கோவைக் காசுகளில், பெய்ஜிங் சேர்ந்தபோது மிஞ்சியவை மூன்று கோவைகளே. 1838இல் அந்த உயர்தேர்வில் வென்று ஜின்ஷி பட்டம் பெற்று, பேரரசின் ஹன்லின் அறிஞர் அவையில் சேர்ந்தார். வீட்டுச் செலவுக்கு அவரிடம் கை நீட்டக் கூடாது என்று பாட்டன் யூபிங் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டார்.

அதன்பின் தம்பியரின் படிப்பைக் குவோஃபான் கடிதம் வழியே கவனித்தார். நாள்தோறும் சிறிதளவு படிப்பது, ஒரு நூலை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதது போன்ற அறிவுரைகளில் தந்தையின் சாயல் தெரிகிறது. 1857இல் லின்ஷு இறந்தபோது, குவோஃபான் போர்முனையிலிருந்து துக்கம் காக்க ஊர் திரும்பினார். தம் மகன்கள் பெரும் பதவி பெறுவதைவிடப் படித்துத் தெளிந்த மனிதர்களாவதே தமக்கு வேண்டும் எனக் குவோஃபான் எழுதியிருந்தார். மூத்தவர் செங் ஜீசே ஆங்கிலம் கற்றுத் தூதரானார். இளையவர் செங் ஜீஹோங் கணிதத்தில் ஈடுபட்டார். இவ்விரு பாடங்களும் தாத்தாவின் பள்ளியில் இருந்ததில்லை.