பக்கவாதத்தில் நினைவு தப்புதல்

பக்கவாதம் தாக்கியவரின் விழிப்பு மங்கிப்போகும் நிலை. தட்டினால் கண் திறக்கும் அசதியிலிருந்து கிள்ளினாலும் அசையாத கோமா வரை இதில் பல படிகள் உண்டு. திருச்சிப் பக்கம் எல்லாவற்றுக்கும் "நினைவு தப்பிருச்சு" என்பார்கள். எந்தப் படி என்பதே மருத்துவரின் முதல் கேள்வி.

வாதம் அடித்த எல்லோருக்கும் நினைவு தப்புவதில்லை. மூளைத்தண்டிலிருந்து மேலேறும் நரம்பு வலைதான் விழிப்பைக் காக்கிறது. அது சேதப்பட்டாலோ, பெரிய ரத்தக்கசிவோ வீக்கமோ அதை நெருக்கினாலோ விழிப்பு கெடும். வீக்கம் சில நாள் கழித்தே உச்சத்துக்கு வரும். முதல் நாள் பேசியவர் மூன்றாம் நாள் மயங்குவது அதனால்தான்.

விழிப்பின் படியை அளக்க 1974இல் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் வகுத்த கிளாஸ்கோ அளவுகோல் கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மதிப்பெண் தருகிறது. ஆகக் குறைவு 3. பக்கவாதத்தில் இது ஏமாற்றும். இடப்பக்க மூளை அடிபட்டுப் பேச்சு போனவர் நன்றாக விழித்திருந்தும் மதிப்பெண் இழப்பார். மூளைத்தண்டு அடைப்பில் உடல் முழுதும் முடங்கி, கண்ணை மட்டும் மேலும் கீழும் அசைக்க முடிந்தவர்கள் உண்டு. "மேலே பாருங்க" என்று சொல்லிப் பார்க்காமல் கோமா என எழுதுவது பெரும் பிழை.

ரத்தக்கசிவுக்கு 2001இல் வந்த கணிப்பு முறை விழிப்புநிலை, வயது, கசிவின் அளவு, இடம், மூளை அறைகளுக்குள் ரத்தம் புகுந்ததா என்பதை வைத்து 30 நாளில் உயிர் போகும் வாய்ப்பைச் சொல்லும். வீட்டார் கேட்பதோ வேறு: "எந்திரிச்சு நடப்பாரா, எங்களைத் தெரியுமா?" அதற்கு அந்த எண்ணில் விடை இல்லை. தேறமாட்டார் என்று முதல் நாளே சொல்லிச் சிகிச்சையைக் குறைத்தால் கணிப்பு தானே பலித்துவிடும். பெரிய அடைப்பால் மூளை வீங்கிய 60 வயதுக்குட்பட்டோருக்கு 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்தபோது, பிழைத்தோர் 29 சதவீதத்திலிருந்து 78 ஆனார்கள் என்று 2007இல் வெளியான ஐரோப்பிய ஆய்வுத் தொகுப்பு காட்டியது. பிழைத்தவர்களில் பலருக்கு ஊனம் நீடித்தது. இதையும் வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வர காவிரியைக் கடக்க வேண்டும். அந்த நேரமும் கணக்கில் சேரும்: அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவான கெடு, வாதம் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம். ஆகவே, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை உடன் வருபவர் சொல்ல வேண்டும்.

நினைவு தப்பியவர் வாயில் பாலோ துளசித் தீர்த்தமோ விடுவது இங்கே வழக்கம். விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். தேறக்கூடியவரும் அதில் போய்விடுவார். தீர்த்தத்தை நெற்றியில் தெளிக்கலாம்.