சிறுவிட்டச் செயற்கை இரத்தக்குழாய்: விலங்குச் சோதனை

6 மில்லிமீட்டருக்கும் குறைந்த உள்விட்டமுள்ள செயற்கைக் குழாய்களை மனிதருக்குப் பொருத்துமுன் விலங்குகளில் சோதித்தல். 1952இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஆர்தர் வூர்ஹீஸ் குழுவினர் வின்யான் என்ற செயற்கை இழைத் துணியாலான குழாயை நாய்களின் பெருந்தமனியில் பொருத்திய முடிவுகளை வெளியிட்டனர். பின்வந்த டாக்ரான், டெஃப்லான் ஆகிய செயற்கைப் பொருள்களாலான குழாய்கள் பெரிய தமனிகளில் நிலைத்தன; சிறிய குழாய்களிலோ இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்படுகிறது, அல்லது தையலிடத்தில் உட்சுவர் தடித்துவிடுகிறது.

நுண் அறுவைக்கான 1 முதல் 2 மில்லிமீட்டர் குழாய்களுக்கு எலியின் வயிற்றுப் பெருந்தமனி வழக்கமான சோதனைக்களம். நுண்ணோக்கியின் கீழ், தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைப்பர். குழாய் திறந்திருக்கிறதா என்பதை டாப்ளர் மீயொலிச் சோதனை காட்டும். குழாயின் உட்புறத்தில் செல்களாலான உட்படலம் படர்ந்ததா என்பதை அறியத் திசுவை எடுத்துப் பார்க்கவேண்டும். இங்கேதான் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது: எலியில் தையலோரச் செல்கள் விரைவில் குட்டையான குழாய் முழுவதும் பரவிவிடும், மனிதரில் சுமார் ஒன்றிரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். எனவே எலியில் கிடைத்த வெற்றியை நீளமான குழாய்களைக் கொண்டு செம்மறியாடு, பன்றி முதலியவற்றிலும் சரிபார்ப்பர்.