பதினாறு கேஜ்னா எவ்வளவு தடிமன்?

இன்னைக்கு ஒரு பேரோட வரலாறு. ஆளோட பேர் இல்ல, இரும்போட பேர். ஆனா கதையைப் பட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி, புவிசார் குறியீடு வாங்கின பட்டு ஊர். பட்டு நூல் வாங்குறப்போ '20/22 டெனியர்'னு சொல்லுவாங்க. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கோ, அதுதான் டெனியர். அப்போ ரெண்டு எண் எதுக்கு? புழு கட்டின கூட்டுல இருந்து வர்ற இழை எல்லா இடத்திலயும் ஒரே பருமனா இருக்காது. 20-லிருந்து 22-க்குள்ள இருக்கும்னு பேரே ஒத்துக்குது. கர்நாடகத்துல விக்கிறவரும் ஆரணியில வாங்குறவரும் நூலை நேர்ல பார்க்காமலே ஒரே விஷயத்தைப் பேச முடியுது.

இப்போ அதே ஊர்ல தறிக்கூடத்துக்கோ அரிசி ஆலை குடோனுக்கோ தகரக் கூரை போடணும்னு வைங்க. தகரத்துக்கு அடியில குறுக்கே ஓடுற சி, இசட் வடிவ இரும்புக்குப் பேர் பர்லின். தகட்டைச் சூடாக்காம, உருளைகளுக்கு நடுவுல விட்டு மடிச்சு எடுக்குறது. எவ்வளவு தடிமன்னு கேட்டா, இன்னைக்கும் நிறைய இடத்துல வர்ற பதில்: 'பதினாறு கேஜ்.'

இந்த கேஜ் எங்கிருந்து வந்தது? கம்பி இழுக்குற பட்டறையில இருந்து. கம்பியை ஒரு துளை வழியா இழுத்தா கொஞ்சம் மெலியும். அடுத்த சின்னத் துளை, இன்னும் மெலியும். எத்தனை முறை இழுத்தாங்களோ, கிட்டத்தட்ட அதுதான் எண். அதனாலதான் கேஜ் ஏற ஏற இரும்பு மெலிசாகுது. டெனியர்ல நேர் எதிர்: எண் ஏறினா நூல் தடிமன்.

பட்டறைக்குப் பட்டறை துளை வேற, அதனால எண்ணும் வேற. பிரிட்டன் அரசு 1883-ல் ஒரே பட்டியலை அறிவிச்சு, 1884 மார்ச் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பட்டியல்ல 16 கேஜ்னா 1.626 மில்லிமீட்டர். அமெரிக்க எஃகுத் தகட்டுப் பட்டியல்ல அதே 16, 1.519 மில்லிமீட்டர்.

ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குதானே வித்தியாசம்னு தோணும். மெல்லிய தகட்டுல அது சின்ன விஷயம் இல்ல. பாரம் ஏறுறப்போ தகடு முறியுறதுக்கு முன்னாடியே அலை அலையா நெளிய ஆரம்பிக்கும். அந்த நெளிவு எந்த அழுத்தத்துல தொடங்கும்ங்கிறது தடிமனோட வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமன் 7 சதவீதம் குறைஞ்சா, அந்த எல்லை சுமார் 13 சதவீதம் இறங்கிடும். இந்த நெளிவைப் பத்தி 1939-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் விண்டர் ஆய்வைத் தொடங்கினார். அதன் அடிப்படையில 1946-ல் அமெரிக்காவுல முதல் வடிவமைப்பு விதிகள் வந்தன.

பேர் மாறுறதுக்கு இன்னும் பல வருஷம் ஆச்சு. அமெரிக்காவுல ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனியா பேர் வச்சிருந்தாங்க. கடைசியில எல்லாருக்கும் பொதுவா ஒரு முறை வந்தது. உதாரணம்: '600எஸ்162-54'. உயரம் 6 அங்குலம். 'எஸ்'னா ஸ்டட், அதாவது சுவர்ச் சட்டம். பக்க விளிம்பு 1.62 அங்குலம். கடைசி 54, தடிமன்: அங்குலத்துல ஆயிரத்துல 54 பங்கு, அதாவது 1.37 மில்லிமீட்டர். முக்கியமா, அது குறைந்தபட்சத் தடிமன். துத்தநாகப் பூச்சைக் கழிச்ச வெறும் எஃகோட அளவு. '20/22' மாதிரியே இந்தப் பேரும் எதுவரைக்கும் நம்பலாம்னு சொல்லிடுது.

நம்ம நாட்டுல 1956-லேயே மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துடுச்சு. மடிச்ச எஃகு வடிவங்களுக்கு ஐ.எஸ். 811-ன்னு ஒரு தரநிலை இருக்கு. 1987-ல் அதைத் திருத்தி வெளியிட்டாங்க. அளவெல்லாம் மில்லிமீட்டர்லதான். பொறியாளரோட வரைபடத்துல 'இசட் 200×60×20×2'னு எழுதியிருந்தா, உயரம், விளிம்பு, உதடு, தடிமன் நாலும் அதுலயே இருக்கு. ஆனா வரைபடம் கடைக்குப் போறதுக்குள்ள அது மறுபடி 'கேஜ்' ஆயிடுது. கூரைத் தகட்டுல இன்னொரு சிக்கலும் உண்டு. பூச்சோட சேர்த்து 0.50-ன்னு விக்கிற கலர் ஷீட்டுல, எஃகு மட்டும் பார்த்தா 0.45தான் இருக்கலாம். ரெண்டு பேரும் பொய் சொல்லல. எதை அளந்தோம்னு யாரும் சொல்லல.

நஷ்டம் யாருக்கு? கடன் வாங்கிக் கூரை போட்டவருக்கு. ஆடிக் காத்து தகரத்தை மேல இழுக்குறப்போ, பில்லுல இருக்கிற கேஜ் வந்து தாங்காது. உள்ள இருக்கிற எஃகுதான் தாங்கணும். உங்க வீட்டுல ஷெட் போட்டா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: பூச்சு இல்லாம எத்தனை மில்லிமீட்டர்? பதிலை பில்லுல எழுதி வாங்குங்க. நூல் வாங்குற ஆரணிக்காரர் டெனியர் கேக்காம பணத்தை எடுக்கிறதில்ல. கூரைக்கும் அதே கேள்விதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.