கப்பல் தளத்தில் ஒரு சலவைத்துறை

எங்கள் வீட்டுப் பரணில் தகரப் பெட்டி ஒன்று உண்டு. என் பாட்டனார் மலேயாவிலிருந்து மீண்டபோது உடன் கொண்டுவந்தது. பூட்டு துருவேறிவிட்டது, உள்ளே எட்டுமுழ வேட்டி ஒன்று மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அவ்வேட்டியின் ஓரத்தில், கரையை ஒட்டி, மூன்று புள்ளிகளும் ஒரு கோடும் கருநிறத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அது எங்கள் ஊர்ச் சலவைத் தொழிலாளி சேங்கொட்டைச் சாற்றால் இட்ட குறி. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாத குறி. ஊரில் எந்த வீட்டுத் துணி எது என்று ஏட்டுப் படிப்பின்றியே அவர்கள் பிரித்தறிந்தது இக்குறியால்தான்.

அந்த வேட்டியைப் பற்றிப் பாட்டனார் ஒருமுறை சொன்னது நினைவில் நிற்கிறது. "இதை ஊரிலே வெளுத்தது அவர்கள், கப்பலிலே வெளுத்தது நான்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அச்சிரிப்பில் பெருமையும் இருந்தது. சிறிது நாணமும் இருந்தது. இரண்டும் ஏன் கலந்திருந்தன என்பதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தின் மலருக்கு எதை எழுதலாம் என்று எண்ணியபோது, கல்வெட்டுகளையும் கோட்டைகளையும் விட்டு, இந்த வேட்டியின் வரலாற்றையே எழுதத் துணிந்தேன்.

ஊர்த்துறை

துணி வெளுத்தல் தமிழகத்தில் மிகப் பழைய தொழில். துணியைக் கஞ்சியிற் தோய்த்து அலசும் பெண்ணின் காட்சி குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இடம்பெற்றுள்ளது. ஈராயிரம் ஆண்டுகளாக அக்கைகள் ஓயவில்லை என்பதற்கு அப்பாடல்களே சான்று.

நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் சென்ற தலைமுறை வரை நிலவிய முறையை மூத்தோர் அறிவர். அழுக்குத் துணிகளை மூட்டையாகக் கட்டிக் கழுதைமேல் ஏற்றிக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுசெல்வர். உவர்மண் கரைத்த நீரில் நனைத்து, அடியில் நீர் கொதிக்கும் பானையின்மேல் அடுக்கி, இரவு முழுதும் ஆவியில் வேகவைப்பர். இதுவே வெள்ளாவி. விடிந்ததும் கல்லில் அடித்து, அலசி, நீலமும் கஞ்சியும் இட்டு உலர்த்துவர். இவ்வளவு உழைப்புக்கும் கைமேல் காசு இல்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அளக்கப்படும் தானியமும், அந்தியில் வீடுவீடாகச் சென்று பெறும் சோறுமே ஊதியம். பிள்ளைப்பேறு, பூப்பு, இறப்பு ஆகிய தீட்டு நாள்களின் துணிகளையும் அவர்களே எடுத்தாக வேண்டும். மறுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இச்சேவை எல்லார்க்கும் கிட்டியதும் இல்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் துணியை ஊர்ச் சலவையாளர் தொடலாகாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. அம்மக்களுக்கு வெளுக்கப் புதிரை வண்ணார் எனத் தனிப் பிரிவினர் இருந்தனர். அவர்கள் மேலும் கீழாக வைக்கப்பட்டனர். ஆகவே ஒருவன் உடுத்திய துணியை யார் வெளுத்தார் என்பது தூய்மையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. அவன் ஊரில் எந்தப் படியில் நின்றான் என்பதைக் காட்டும் செய்தியும் ஆகும். குளிக்கும்போது துண்டை அலசிப் பிழிவது எவர்க்கும் வழக்கமே. ஆனால் நிலபுலன் உடைய ஒருவர் தம் வேட்டியைத் தாமே கல்லில் அடித்து வெளுத்தார் என்றால், "இவருக்கு என்ன நேர்ந்தது?" என்று ஊர் கேட்டிருக்கும். பாட்டனாரின் நாணத்திற்குக் காரணம் இதுவே.

தளப் பயணிகள்

புதுக்கோட்டை வட்டாரத்திலிருந்து கடல் கடந்தவர் தொகை சிறிதன்று. இலங்கைத் தோட்டங்களுக்கும், பர்மாவுக்கும், மலேயாவுக்கும், சிங்கப்பூருக்கும் மக்கள் சென்றவண்ணம் இருந்தனர். மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடிப் போனவரும் உண்டு. வணிகத்தின் பொருட்டு மூன்றாண்டுத் தவணையில் சென்றுவந்த நகரத்தார் இளைஞரும் உண்டு. கடலோர ஊர்களிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகரும் உண்டு.

மலேயா செல்வோருக்கு நாகப்பட்டினமே வாயில். அங்கிருந்து புறப்பட்ட கப்பல்களுள் மக்கள் மனத்தில் நிலைத்த பெயர் 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்திற்காக 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்னும் தடத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணி என்பவருக்கு அறை இல்லை, கட்டில் இல்லை. பாயை விரித்த இடமே வீடு. தலைமாட்டில் வைத்த பெட்டியே சுவர்.

அத்தகைய பயணத்தில் துணி அழுக்காவதற்கு என்ன குறைவு? வியர்வை, புகைபோக்கியின் கரி, அலையெழும் நேரத்து வாந்தி, கைக்குழந்தைகளின் ஈரம் என அனைத்தும் உண்டு. ஆனால் ஊர்ச் சலவைத் தொழிலாளி மட்டும் இல்லை. இருந்தாலும் அவரும் பயணச்சீட்டு வாங்கிய சக பயணியே. எனவே அவரவர் துணியை அவரவரே துவைத்தனர். தாம் துவைத்த இடத்திற்குப் பக்கத்தில் யார் துவைத்தார் என்று தமக்குத் தெரியாது என்றும், கேட்கவும் தோன்றவில்லை என்றும் பாட்டனார் சொன்னார். ஊரில் அது கேட்காமலே தெரிந்திருக்கும்.

கப்பல் சாதியை ஒழித்துவிட்டது என்று சொல்ல நான் முற்படவில்லை. உடன் வந்த பெட்டிகளில் அதுவும் பத்திரமாக இருந்தது. கரையிறங்கியதும் பலர் அதனை எடுத்து உடுத்திக்கொண்டனர். எனினும் அந்தச் சில நாள்கள், தன் அழுக்கைத் தன் கையால் போக்கிக்கொள்ளும் பயிற்சியைப் பலருக்கு அளித்தன என்பது மறுக்க இயலாதது.

கடல்நீரின் பிடிவாதம்

அப்பயிற்சி எளிதாகவும் இருக்கவில்லை. கப்பலில் நன்னீர் குடிக்கவும் சமைக்கவுமே அளந்து கொடுக்கப்படும். குளிக்கவும் துவைக்கவும் கடல்நீரை நம்பியிருக்க வேண்டும். கடல்நீரோ சோப்புக்கு இணங்காது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகத் திரண்டுவிடும், நுரை எழாது. சோப்புக் காய்ச்சுவோர் இறுதியில் உப்பைக் கொட்டித்தான் பாகிலிருந்து சோப்பைப் பிரித்தெடுக்கின்றனர் என்பதை நினைத்தால், உப்புக்கடலில் சோப்பு ஏன் கரைய மறுக்கிறது என்பது விளங்கும்.

இதனை உடல்வருந்திக் கற்றவர் காந்தியடிகள். 1888-இல் கடல் கடக்கத் துணிந்தமைக்காகச் சாதியினின்று விலக்கப்பட்ட அவர், இலண்டன் செல்லும் கப்பலில் கடல்நீரில் சோப்பிட்டுக் குளித்தார். சோப்புப் பூசுவதே நாகரிகம் என்று அப்போது கருதியிருந்ததாகத் தம் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். உடல் தூய்மையாவதற்குப் பதில் பிசுபிசுப்பானது, படர்தாமரை கண்டது. மருத்துவர் மேத்தா கூறியபடி அசெட்டிக் அமிலத்தைத் தடவி எரிச்சலில் கண்ணீர் விட்டதையும் அவர் மறைக்கவில்லை.

கடல்நீரில் அலசிய துணிக்கு வேறொரு குணமும் உண்டு. வெயிலில் காய்ந்தாற்போல் விறைத்து நிற்கும். மாலைக்காற்றுப் பட்டதும் மீண்டும் ஈரம் கொள்ளும். துணியில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுப்பதே காரணம். அணிந்தால் தோல் அரிக்கும். ஆகையால் இறுதியில் ஒரு குவளை நன்னீரிலாவது அலசுதல் இன்றியமையாதது. குடிநீரை மிச்சம் பிடித்து அதற்கென ஒதுக்கியதாகப் பாட்டனார் கூறுவார். பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் மழை பெய்தால் பாயில் நீரைத் தேக்கித் துணி துவைத்துக்கொண்டனர். மழை இல்லாதபோது துணியைக் கயிற்றிற் கட்டிக் கடலில் இழுத்துச் சென்றனர்.

இவ்விடத்தில் நம் மண்ணின் விளைபொருள் ஒன்று துணை நின்றது. தேங்காய் எண்ணெயிற் காய்ச்சிய சோப்பு ஏனையவற்றைவிட உப்புநீரில் நன்கு நுரைக்கும். அதனையே கடற்சோப்பு என்று மாலுமிகளுக்கு விற்றனர்.

மேல்தட்டும் கீழ்த்தட்டும்

பணம் படைத்தோரின் பயணம் வேறு விதம். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம் செய்து இந்தியா வந்த ஆங்கிலேயர், வழியில் துவைக்க வசதி இன்மையால், சட்டைகளை டஜன் கணக்கில் கொண்டுவந்தனர். ஒன்று அழுக்கானால் மற்றொன்று. துவைப்பது கரை சேர்ந்தபின். பின்னாளில் பெருங்கப்பல்களில் சலவைக்கூடங்களே அமைந்தன. நம் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஐரோப்பாவுக்குப் பன்முறை சென்றார். 1915-இல் மெல்பர்ன் நகரில் மோலி பிங்க் அம்மையாரை மணந்தார். 1928-இல் பாரிசில் மறைந்தார். மன்னரின் கடற்பயணங்கள் வரலாற்றில் ஏறின. அவர் ஆண்ட காலத்திலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு கடல் கடந்த குடிகளின் பயணங்கள் ஏறவில்லை.

அக்குடிகளின் துணிகளுக்கு இன்னொரு சோதனையும் காத்திருந்தது. இலங்கை செல்வோர் மண்டபம் முகாமிலும், சிங்கப்பூர் சென்றோர் செயின்ட் ஜான்ஸ் தீவிலும், பினாங்கு சென்றோர் ஜெரஜாக் தீவிலும் நோய்த்தடுப்புக்காக நிறுத்தப்படுவதுண்டு. 1874 முதல் இயங்கிய செயின்ட் ஜான்ஸ் தீவின் நிலையத்தை நினைத்து நடுங்காதவர் குறைவு. அங்கே மூட்டைகள் பிரிக்கப்பட்டு, துணிகள் கிருமிநீக்கம் செய்யப்படும். தானே வருந்தித் துவைத்த துணியை, 'இது அழுக்கு' என்று ஓர் அதிகாரி வாங்கிச் செல்வதைப் பார்த்து நிற்கும் மனநிலையை எண்ணிப் பாருங்கள். ஊரில் ஒருவரைத் தீண்டத்தகாதவர் என்றவர்கள், அங்கே தம் உடைமையே அவ்வாறு நோக்கப்படக் கண்டனர். அதிலிருந்து பாடம் கற்றவர் சிலரேனும் இருந்திருப்பர்.

கரையேறிய துறை

இவ்வரலாற்றின் மறுபக்கம் சலவைத் தொழிலாளருடையது. அவர்களும் கப்பலேறினர். சிங்கப்பூரின் நடுவே 'தோபி காட்' என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியச் சலவையாளர் அங்கிருந்த ஓடையில் துவைத்துத் திறந்தவெளியில் உலர்த்தியதால் வந்த பெயர் அது. ஓடை கால்வாயாயிற்று; வெளி கட்டடமாயிற்று; 1987-இல் திறக்கப்பட்ட விரைவு ரயில் நிலையத்தின் பெயராக அவர்களின் நினைவு மட்டும் நிலைத்தது. பினாங்கிலும் ஆயர் ஈத்தாம் ஆற்றையொட்டி அதே பெயரில் ஓர் இடம் உண்டு. அங்கே தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறித் தொழில் நடத்தின.

அங்கும் அதே கல், அதே நீர், அதே முதுகுவலி. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. துணிக்கு இவ்வளவு என்று கூலி சொல்லலாம். காசு வாங்கலாம். வேண்டாம் என்று மூட்டையைத் திருப்பியும் அனுப்பலாம். களத்துமேட்டில் காத்து நிற்க வேண்டியதில்லை; அந்திச் சோற்றுக்கு வாசலில் குரல் கொடுக்க வேண்டியதில்லை. தொழில் மாறவில்லை; தொழிலாளியின் நிலை மாறியது.

ஆக, கடல் இரு தரப்பாருக்கும் ஒவ்வொன்றைக் கற்பித்தது எனலாம். வெளுக்கக் கொடுத்தவனுக்குத் தன் துணியைத் தானே துவைக்கக் கற்பித்தது. வெளுத்தவனுக்கு விலை சொல்லக் கற்பித்தது. இவ்விரு பாடங்களும் ஊர் திரும்பியபோது முழுமையாகத் திரும்பவில்லை என்பதே நம் வருத்தம்.

அதே கடல், வேறு கப்பல்

ரஜூலாவின் பயணம் 1973-இல் முடிந்தது. அதன்பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீவிபத்து பல உயிர்களைக் கொண்டது; அத்துடன் அத்தடமும் நின்றது. இன்று நம் மாவட்டத்தார் திருச்சியில் விமானமேறிச் சில மணி நேரத்தில் சிங்கப்பூர் சேர்கின்றனர். அங்கே பணியிலிருக்கும் பிள்ளைகள் பெற்றோரை அழைத்துச் சென்று உல்லாசக் கப்பலில் பினாங்குக்கும் புக்கெட்டுக்கும் கூட்டிப்போவதும் உண்டு. ரஜூலா உழுத அதே நீர்வழி. ஆனால் பாய்க்குப் பதில் பஞ்சணை.

அக்கப்பல்களிலும் துணி அழுக்காகிறது. ஒரு சட்டைக்கு இவ்வளவு, ஒரு பைக்கு இவ்வளவு என்று கப்பற் சலவைக்குக் கட்டணம் உண்டு. சில கப்பல்களில் பயணிகள் தாமே துவைத்துக்கொள்ளச் சலவைப்பொறி அறைகளும் உள்ளன. தீ அபாயம் கருதித் தங்கும் அறைக்குள் இஸ்திரிப் பெட்டி கொண்டுவரத் தடை. ஆகையால் பலர் குளியலறைத் தொட்டியில் கசக்கிப் பிழிந்து கம்பியில் உலர்த்துகின்றனர். சோப்பைத் திரித்து விரட்டிய அதே கடல்நீர், இன்று உப்பகற்றப்பட்டுக் குழாயில் நன்னீராக வருகிறது. கீழ்த்தட்டுச் சலவைக்கூடத்திலோ இந்தியர், பிலிப்பினியர், இந்தோனேசியர் எனப் பல நாட்டுத் தொழிலாளர் இரவு பகலாகப் படுக்கைவிரிப்புகளையும் துண்டுகளையும் வெளுக்கின்றனர். மேல்தளத்தில் உலவுவோர் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை.

விடுமுறைக்குச் சென்றும் துணி துவைக்க வேண்டுமா என்று சிலர் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகள், சலவைச் செலவும் காலதாமதமும் பொறாமல் தாமே துவைக்கத் தொடங்கினார். அவர் இட்ட கஞ்சி மிகுந்து, கழுத்துப்பட்டையிலிருந்து நீதிமன்றத்திலேயே உதிர்ந்தது. பிற வழக்கறிஞர் நகைத்தனர். அவர் வெட்கப்படவில்லை. பிறர் சிரிப்பதற்கும் தாம் ஒரு வாய்ப்பளித்ததாகவே கொண்டார்.

என் பாட்டனார் காந்தியடிகள் அல்லர். கப்பலில் துவைத்ததை ஊரில் வெளிப்படச் சொல்லவும் அவர் துணியவில்லை. பேரனிடம் மட்டும் சொன்னார். ஆனால் அந்த வேட்டியை அவர் தூக்கி எறியவில்லை. ஓரத்தில் இருக்கும் குறி பிறர் உழைப்பின் கையெழுத்து. அவர் கைபட்ட வெளுப்புக்குக் குறி எதுவும் இல்லை. ஊர்த் தொழிலாளியின் பெயர் என்ன என்று நான் கேட்டேன். பாட்டனாருக்கு நினைவில்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது அதுவே.