புலமைப்பரிசில்களும் ஊவாத் தோட்டப் பிள்ளைகளும்

ஒரு கல்லூரியின் சிறப்பை, அங்குக் கற்றோர் பட்டத்தின் பின்னர்ப் போட்டியிட்டுப் பெறும் புலமைப்பரிசில்களின் தொகையைக் கொண்டு மதிப்பிடுதல் கற்றோரிடையே நெடுநாளைய வழக்கு. அவ்வழக்கு முற்றிலும் பிழையானதன்று. ஆயினும் அத்தொகை மாணவனின் அறிவை அளக்கின்றதா, அன்றி அவன் கடந்துவந்த வழியை அளக்கின்றதா என்பது ஆராயற்பாலது. பதுளையையும் அதனைச் சூழ்ந்த பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளைத் தோட்டங்களையும் முன்வைத்து இவ்வினாவை ஈண்டு நோக்குவாம்.

ஆங்கிலப் பல்கலைக்கழகங்களிற் பயிலுதற்கென இலங்கை அரசினர் போட்டித் தேர்வால் வழங்கிய புலமைப்பரிசிலை 1870 ஆம் ஆண்டிற் பெற்றவர் பொன்னம்பலம் அருணாசலம். கொழும்பு அக்கடமியிற் கற்ற அவர் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியிற் சேர்ந்தார். 1875 இல் திறந்த போட்டித் தேர்வின் வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையராயினார். இந்நாட்டிற் பல்கலைக்கழகம் இல்லாத அக்காலத்தில் அப்பரிசில் இளங்கலைக் கல்விக்கே உரியதாயிருந்தது. 1921 இற் பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றிய பின்னரே பட்டப்பின் ஆராய்ச்சிக்குக் கடல் கடத்தல் பெருவழக்காயிற்று. பேராதனையிலே தமிழ் கற்ற க. கைலாசபதி பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்து 1966 இற் கலாநிதிப் பட்டம் பெற்றமை, கலைத்துறையினர் எவருக்கும் இளைத்தவரல்லர் என்பதற்குச் சான்றாகும்.

அருணாசலம் பெற்ற கல்வி மலையகத்திற்கும் பயன்பட்டது என்பதை மறத்தல் ஆகாது. 1919 இல் தொழிலாளர் நலச் சங்கமொன்றை அமைத்து, தோட்டத் தொழிலாளரைக் கடனாற் பிணித்த துண்டு முறைக்கு எதிராக அவர் உழைத்தார். 1921 இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் துண்டு ஒழிந்ததனால் மாத்திரம் லயத்துப் பிள்ளைக்குக் கல்விவாயில் திறந்துவிடவில்லை.

தொழிலாளரின் ஆறு முதற் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வியளித்தலைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கிய சட்டம் 1907 இல் வந்தது. பத்து வயதோடு கடமை முடிந்தது! பல தோட்டங்களிலே பள்ளி என்பது ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே. பிள்ளை கொழுந்து பறிக்கும் வயதை எட்டியதும் பிரட்டுக்களம் அழைத்தது. 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும், ஐந்தாம் வகுப்போடு நிற்கும் பள்ளியிலிருந்து மேற்படி ஏற வழி வேண்டுமே. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கப்பட்டன. அவை அரசின் கைக்கு வந்தது 1970 களின் பிற்பகுதியிலேதான் பெரிதும் நிகழ்ந்தது. தேயிலைப் பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லும் இருப்புப்பாதையோ 1924 இலேயே பதுளையை அடைந்துவிட்டது. இருபத்திரண்டு வயதிற் பட்டதாரிகள் எழுதும் போட்டியில் இப்பிள்ளை தோற்றவனல்லன். அவன் பத்து வயதிலேயே நீக்கப்பட்டவன்.

எல்லாத் தடையையும் மீறிச் சிலர் பதுளை நகரப் பாடசாலைகளை அடைந்தனர். அவருட் சிலர் பல்கலைக்கழகமும் புகுந்தனர். அவர்க்கும் வேறொரு சுவர் காத்திருந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் எழுந்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் நிலையைப் பின்னைக்கு விட்டது. பொதுநலவாயப் புலமைப்பரிசில் 1959 ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் உருப்பெற்றது. கடவுச்சீட்டுக்கே வழியற்றவன் அதனைக் கனவு காண்பதெங்ஙனம்?

விஞ்ஞான உயர்தர வகுப்புகள் தோட்டப்புறங்களில் அரியனவாதலின், அங்கிருந்து மேலேறியோர் பெரும்பாலும் கலைத்துறையையே நாடினர். 1960 தொடக்கம் பல்கலைக்கழகக் கலைப்பாடங்கள் தாய்மொழிகளிலும் கற்பிக்கப்பட்டமை அவர்க்குப் பெருவரமாயிற்று. அதுவே மேனாட்டுப் புலமைப்பரிசில்கள் வேண்டும் ஆங்கிலத்திலிருந்து அவரைத் தூரப்படுத்தியது. இவ்விரண்டும் ஒருங்கே உண்மை. 1974 இற் புகுத்தப்பட்ட மாவட்ட ஒதுக்கீடு பதுளையைப் பின்தங்கிய மாவட்டமாகக் கொண்டு சலுகை தந்தது. ஆனால் மாவட்டம் என்னும் அலகு நகரத்துப் பிள்ளையையும் லயத்துப் பிள்ளையையும் ஒரே தட்டில் வைத்தது. உயர்தர வகுப்பை எட்டாதவனுக்கு ஒதுக்கீட்டால் வரும் பயன் யாது?

கலைக்கல்வியின் வலிமையை நாடுவோர் அமெரிக்காவையும் நோக்குதல் தகும். அங்கே அம்ஹேர்ஸ்ற் முதலிய சிறு கல்லூரிகள் இளங்கலைக் கல்வியையே தம் முதற்பணியாகக் கொண்டு, இலக்கியமும் மெய்யியலும் அறிவியலும் ஒருங்கே புகட்டுவன. இலங்கையிற் பிறந்த மானிடவியலாளர் வலன்ரைன் டானியல் 1971 இல் அக்கல்லூரியிற் பட்டம் பெற்று, சிக்காகோவில் 1979 இற் கலாநிதியானார். விண்ணப்பித்துப் பெறமுடியாத மக்ஆர்தர் நல்கை 1995 இல் அவரைத் தேடிவந்தது. ஒரு சிறு கலைக்கல்லூரி மாணவனை எத்துணைத் தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தேயிலைத் தோட்டப் பெண்களின் நாட்டார் பாடல்களை ஆராயும் நோக்கோடு அவர் இலங்கை வந்த ஆண்டு 1983. அவ்வாண்டு யூலை வன்செயலிற் பதுளை நகரும் தப்பவில்லை. பாடல்களைப் பற்றி எழுத எண்ணியிருந்தவர் வன்முறையைப் பற்றி எழுதினார்; அந்நூல் 1996 இல் வெளிவந்தது. அவர் தேடிவந்த பாடல்களைப் பாடிய பெண்களிற் பலர் அன்றும் நாடற்றவரே. அவர்தம் பிள்ளைகளின் குடியுரிமைக்கு 1988 ஆம் ஆண்டுச் சட்டமொன்றும், எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமொன்றும் வேண்டியிருந்தன. பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது அதற்கும் பின்னர், 2005 இல்.