மாடிப்படிச் சுவருக்கு ஏற்ற தாள்

ஒரு வீட்டின் சுவர்களுள் மிகுதியாகத் தேய்வது எது? இங்கிலாந்தின் நகர வீடுகளைப் பொறுத்தவரை இதற்கு விடை கூறுவது எளிது. வாயிற்கதவைத் திறந்தவுடன் உள்ளே நீளும் ஒடுங்கிய நடைவழியும், அதன் ஓரமாக மேலேறும் மாடிப்படியுமே அதிகம் அல்லற்படும் இடங்கள். நனைந்த குடை சாய்வதும், நிலக்கரி வாளி உரசுவதும், பெட்டி சுமப்போர் திருப்பத்தில் இடிப்பதும், படியேறும் பிள்ளை கையூன்றுவதும் அங்கேதான். உள்ளே அமரும்படி அழைக்கப்படாத அயலவன், வீட்டாரின் நிலையை மதிப்பிட்டுச் செல்வதும் அவ்விடத்தை நோக்கியே. ஆகவே, அச்சுவருக்கு அழகும் வேண்டியிருந்தது, உறுதியும் வேண்டியிருந்தது. அத்தகைய சுவரிலே தாளை ஒட்டத் துணிந்த ஆங்கிலேயர், அத்தாளை நிலைக்கச் செய்வதற்குப் பட்ட பாடு சுவையானது.

சுவர்த்தாள் என்பது முதலில் ஒரு சிக்கன ஏற்பாடே. செல்வர் தம் அறைகளில் சித்திரத் திரைகளையும், பொன்பூச்சுத் தோலையும், மரப்பலகையையும் பொருத்தினர். அவற்றை வாங்க இயலாதார் அவற்றைப் போலவே அச்சிட்ட தாளை ஒட்டினர். எனினும் அதுவும் நெடுங்காலம் மலிவாக இருக்கவில்லை. 1712ஆம் ஆண்டில், ஆன் அரசியின் ஆட்சியில், சுவர்த்தாளின் ஒவ்வொரு சதுர யாருக்கும் ஒரு பென்னி வரி விதிக்கப்பட்டது. வரி செலுத்தியதற்கு அடையாளமாகத் தாளில் முத்திரை பொறிக்கப்பட்டது. அம்முத்திரையைக் கள்ளமாகச் செய்வோருக்கு மரணதண்டனை என 1806இல் விதித்தனர். சுவரில் ஒட்டும் தாளுக்காகத் தூக்குமரம் என்பதை இன்று நம்புவது கடினம்!

18ஆம் நூற்றாண்டில் நடைவழிக்கும் படிக்கட்டுக்கும் பெரிதும் விரும்பப்பட்டது கல்லைப் போலத் தோன்றும் தாளாகும். நடைவழி, தெருவுக்கும் அறைக்கும் இடைப்பட்டது. ஆதலின் அங்கே பூங்கொடிகளைக் காட்டிலும் கற்சுவரின் சாயலே பொருந்தும் என்று கருதினர். சலவைக்கல்லின் வரிகளைத் தாளிலே தீட்டிக் கட்டங்களாக வெட்டி ஒட்டினர். இதில் ஒரு வசதியும் இருந்தது: ஒரு கட்டம் கிழிந்தால் அதனை மட்டும் மாற்றிவிடலாம். ஹோரஸ் வால்போல் என்னும் எழுத்தாளர், இலண்டனுக்கு அணித்தான ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையின் மாடிப்படிச் சுவருக்கு, வூஸ்டர் தேவாலயத்திலுள்ள இளவரசர் ஆதரின் கல்லறைச் சிற்ப வேலையைப் பின்பற்றித் தாளிலே வண்ணம் தீட்டுவித்தார். 1753இல் தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அதனைப் பெருமையுடன் விவரித்தார்.

இவ்வழக்கம் பரவப் பரவத் தரம் குன்றியது. 1841இல் கட்டடக்கலைஞர் பியூஜின், கோபுரமும் வாயிலும் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்ட தாள்களை எள்ளி நகையாடினார். வாயிலின் மேல் கோபுரமும் கோபுரத்தின் மேல் வாயிலுமாகச் சுவர் முழுதும் குழம்பிக் கிடப்பதையும், சாளரத்தின் ஒளி எப்பக்கமிருந்து வந்தாலும் அச்சிட்ட நிழல் மாறாது நிற்பதையும் அவர் கண்டித்தார். கலை நோக்கில் அவர் கூற்றுச் சரியே. ஆனால் அவர் கருதாத ஒன்றும் உண்டு. வரிகளும் நிழல்களும் நிறைந்த அத்தாள் அழுக்கை மறைத்தது. வெறுமையான தாளோ ஒவ்வொரு விரலடையாளத்தையும் காட்டிக்கொடுத்தது.

அழுக்கே உண்மையான பகை. அக்காலத்துத் தாள்கள் பெரும்பாலும் வச்சிரப்பசை கலந்த நீர்ச்சாயங்களால் அச்சிடப்பட்டவை. ஈரத்துணி பட்டால் அழுக்கோடு ஓவியமும் வந்துவிடும். இல்லத்தரசியர் பழைய ரொட்டித் துண்டால் மெல்லத் தேய்த்துத் துடைத்தனர். நடைவழித் தாளுக்கு மட்டும் மேலே வார்னிஷ் பூசினர். அது சில ஆண்டுகளிலேயே மஞ்சள் பாரித்தது.

1836இல் வரி நீக்கப்பட்டது. 1839இல் லங்காஷயரின் டார்வென் நகரைச் சேர்ந்த பொட்டர் நிறுவனத்தார் உருளை இயந்திரத்தால் சுவர்த்தாள் அச்சிடும் உரிமையைப் பதிவு செய்தனர். 1834இல் ஏறத்தாழ 10 இலட்சம் சுருளாக இருந்த பிரித்தானிய உற்பத்தி, 1860 அளவில் 90 இலட்சத்தை நெருங்கியது. எழுதுவினைஞரும் கடைச்சிப்பந்தியும் வரிசை வீடுகளில் குடியேறித் தம் சுவரையும் அலங்கரித்தனர். நிலக்கரிப் புகையும், வாயுவிளக்கின் கரியும் அச்சுவரை விரைவில் கறுப்பாக்கின. அதோடு, அக்காலப் பச்சை நிறங்கள் பலவற்றில் ஆசனிக்கு என்னும் நஞ்சு கலந்திருந்தது என்ற அச்சமும் எழுந்தது. புகழ்பெற்ற வில்லியம் மொறிஸின் தொடக்ககாலத் தாள்களிலும் அந்நஞ்சு இருந்தது. எனவே, 1870களில் எண்ணெய்ச் சாயத்தால் அச்சிட்ட, கழுவத்தக்க தாள்கள் 'சுகாதாரத் தாள்' என்ற பெயருடன் விற்பனைக்கு வந்தபோது, வாங்குவோர் அழகைவிடத் தூய்மையையே கேட்டனர்.

ஆயினும் கழுவத்தக்கது இடி தாங்கத்தக்கதன்று. அக்குறையைத் தீர்த்தவர் பிரெடரிக் வால்டன். திறந்திருந்த வர்ணப் பாத்திரத்தின்மேல் ஆளிவிதை எண்ணெய் ஆடைபோல் உறைந்திருந்ததைக் கண்டு ஆராய்ந்து, லினோலியம் என்னும் தரைவிரிப்பை ஆக்கி 1863இல் உரிமை பெற்றவர் அவரே. தரையில் ஆயிரம் காலடிகளைத் தாங்கும் பொருள் சுவரில் சில தோள்களைத் தாங்காதா? உறைந்த எண்ணெயுடன் பிசினும் மெழுகும் மரத்தூளும் சேர்த்துப் பிசைந்து, துணியின்மேல் பரப்பி, சித்திரம் வெட்டிய உருளைகளுக்கிடையே அழுத்தினார். 1877இல் தோன்றிய அப்பொருளுக்கு லிங்கிரஸ்டா என்று பெயர். ஆளிச்செடியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. தோல்போலவும் செதுக்கிய மரம்போலவும் தோன்றியது, துடைத்தால் அழியவில்லை, நாளாக ஆக இறுகியது.

விலையோ அதிகம். இங்கேதான் நடுத்தரக் குடும்பத்தினரின் புத்தி வெளிப்பட்டது. தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரம்வரை, அதாவது கையும் தோளும் வாளியும் படும் பகுதிவரை மட்டும் லிங்கிரஸ்டாவை ஒட்டி, அதன்மேல் ஒரு மரச்சட்டத்தைப் பதித்து, மேற்பகுதிக்கு மலிவான தாளை வைத்தனர். படிக்கட்டில் அச்சட்டமும் படியோடு சரிந்து ஏறியது. மேல்தாள் மங்கினால் அதனை மட்டும் மாற்றினால் போதும். இந்நெடுங்கதையில் கண்ட தீர்வுகளுள் இதுவே சிறந்தது எனலாம். மேலும், இரண்டு மாடி உயரமுள்ள படிக்கட்டுச் சுவரில் தாளொட்டுவது இலேசான வேலையன்று. சரிந்த படிகளில் ஏணியை ஊன்றிப் பலகையைக் குறுக்கே போட்டு நின்று, நனைந்த நீண்ட தாளைக் கோணாமல் இறக்க வேண்டும். அடிக்கடி செய்ய எவர்தாம் விரும்புவர்?

வால்டனின் இலண்டன் காட்சியறையில் முகாமையாளராக இருந்த தோமஸ் பாமர், அதே புடைப்புச் சித்திரத்தைப் பருத்திக் கூழிலே அழுத்தி, எடை குறைந்ததும் விலை குறைந்ததுமான வேறொரு தாளை வகுத்தார். வால்டன் அதனை ஏற்கவில்லை. பாமர் விலகிச் சென்று, 1880களின் இறுதியில் லங்காஸ்டர் நகரில் அனாக்லிப்டா என்ற பெயரில் அதனைத் தயாரிக்கலானார். வர்ணம் பூசினாலன்றி அது கழுவத்தக்கதாகாது. ஆனால் ஏழெட்டு முறை மேன்மேலும் பூசலாம். லிங்கிரஸ்டாவுக்குப் பணமில்லாத வீடுகளின் படிக்கட்டுகள் இதனால் நிறைந்தன.

பின்வந்தோருக்கு அவ்வுறுதியே தொல்லையாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் வெறுமையான சுவரை விரும்பிய தலைமுறையினர் லிங்கிரஸ்டாவை உரிக்க முயன்றபோது, தாளோடு சுவரின் சாந்தும் பெயர்ந்து விழுந்தது. பழைய பூச்சுக்களில் ஈயம் இருந்தமையால் சுரண்டுவதும் ஆபத்தாயிற்று. பலர் அம்முயற்சியைக் கைவிட்டு, மேலும் ஒரு பூச்சு வர்ணம் அடித்தனர். விக்ரோறியா மகாராணி காலத்து வரிசை வீடுகள் சிலவற்றில் இன்றும் படியேறுவோரின் கைக்கு, பல படை வர்ணத்தின் அடியிலிருந்து, அம்மூன்றடிப் புடைப்புச் சித்திரம் தட்டுப்படுகின்றது.