பாஹும் தியாகராஜரும் சந்தித்த கேசட்

1986இல் வெளிவந்த அந்த இசைத்தட்டில் பாட்டு இல்லை, பாடகர் இல்லை, பின்னால் ஒரு படமும் இல்லை. பெயர் ‘ஹவ் டு நேம் இட்’. இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. டீக்கடை, கல்யாண வீடு, பஸ் என்று எங்கும் இளையராஜாதான். அந்த உச்சத்தில் இருந்தபோது, எந்தக் காட்சிக்கும் கட்டுப்படாத பத்து உருப்படிகளை எழுதித் தியாகராஜருக்கும் யோஹான் செபாஸ்டியன் பாஹுக்கும் காணிக்கையாக்கினார்.

தியாகராஜர் என்றதும் எல்லோர் நினைப்பும் திருவையாற்றுக்குப் போய்விடுகிறது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு அதோடு விட மனம் வராது. அவர் இங்கே வந்து ஸ்ரீரங்க பஞ்சரத்தினம் பாடினார். காம்போதியில் ‘ஓ ரங்கசாயி’, தோடியில் ‘ராஜு வெடல’. வீதியில் கூட்டத்தைத் தாண்டி நெருங்க முடியாமல் நின்ற அவருக்காகப் பெருமாளின் வாகனம் நகர மறுத்தது என்று இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். பக்கத்து லால்குடிக்கும் ஒரு பஞ்சரத்தினம் உண்டு. அந்த ஊர் ராமய்யர் அவருடைய சீடர். அந்தப் பரம்பரையில் வந்தவர்தான் வயலின் மேதை லால்குடி ஜெயராமன்.

இந்த இசைத்தொகுப்பின் உயிரும் வயலின்தான். பாஹ் மறைந்தது 1750இல், தியாகராஜர் பிறந்தது 1767இல். அவர்கள் சந்திக்காமல் போன அந்தப் பதினேழு வருட இடைவெளியை இளையராஜா வயலினைக் கொண்டு கடந்தார். ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ கேட்டுப் பாருங்கள். தனி வயலினுக்காக பாஹ் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முதல் பகுதி, மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது மேஜர் ஸ்கேலில் அமைந்தது; நம் சங்கராபரணத்தின் சுரங்கள்தான். அதன் மேல் வி.எஸ். நரசிம்மனின் வயலின் கமகத்தோடு இழைந்து இழைந்து ஆலாபனை செய்கிறது. ஐரோப்பிய வயலின் ஓரிடத்தில்கூட வேகம் குறைத்து வழிவிடவில்லை. கர்நாடக வயலினும் தன் குழைவை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த உருப்படியின் பெயர், இருவரும் பேசிக்கொண்டார்கள் என்று சொல்கிறது. கேட்டவர்களுக்கு அது வெறும் தலைப்பாகத் தோன்றாது.

மேற்கத்திய இசையோடு கர்நாடக வயலின் இணைவது புதிதல்ல; ஜாஸ் கிதாரும் கர்நாடக வயலினும் சேர்ந்தது இதற்கு முன்பே நடந்ததுதான். 1970களில் ‘சக்தி’ குழுவில் ஜான் மெக்லாலின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் நால்வரும் அதை மேடையில் செய்து காட்டினார்கள். அங்கே அந்தந்த நிமிடத்தில் பிறந்த மனோதர்மமே இசை. இளையராஜாவின் வழி வேறு. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்டு எழுதினார். சென்னைத் திரையிசைக் கலைஞர்களிடம், தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறமை இருந்தது. அந்தத் திறமை இல்லாவிட்டால் இந்தத் தட்டே இல்லை என்பது என் எண்ணம்.

சினிமாவை விட்டு விலகிப் பிறந்த இசையைச் சினிமாவே தேடி வந்தது. பாலு மகேந்திரா 1988இல் ‘வீடு’ படத்துக்கு இதைப் பின்னணி இசையாக்கினார். வீடு கட்டப் போராடும் ஒரு பெண்ணின் கதைக்கு, பாஹையும் தியாகராஜரையும் நினைத்து எழுதிய வயலின்கள் எப்படி இவ்வளவு பொருந்தின? எனக்கு இன்றும் அது வியப்புத்தான். அதே ஆண்டு ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது.

தட்டு வெளிவந்த நாட்களில் ஸ்ரீரங்கத்தில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. நூற்றாண்டுகளாக முடியாமல் நின்ற தெற்கு ராஜகோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. அகோபில மடத்தின் 44ஆம் ஜீயர் முன்னின்று நடத்திய அந்தப் பணியில் ஒரு நிலையின் செலவை ஏற்றுக்கொண்டவர் இளையராஜா. பதின்மூன்று நிலைகள், 236 அடி. 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடந்தது. கோபுரத்துக்குக் கொடுத்ததை ஊர் அறியும். தியாகராஜருக்குக் கொடுத்த இந்த இசையை ஊர் அவ்வளவாகப் போற்றவில்லை என்பது என் வருத்தம்.

கேசட்டிலிருந்து சிடிக்கும், அங்கிருந்து கைபேசிக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது. நரசிம்மன் பின்னர் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்டைத் தொடங்கித் தியாகராஜர் கிருதிகளையே நான்கு தந்தி வாத்தியங்களில் வாசித்தார். 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்பொனியை வாசித்தது. இனி அந்தப் பத்து உருப்படிகளும் ஸ்ரீரங்கத்துக்கு வர வேண்டும். திருச்சி, ஸ்ரீரங்கம் சபாக்காரர்களே, தியாகராஜ ஆராதனை நாட்களில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். முதலில் ஸ்ரீரங்க பஞ்சரத்தினம், அதன்பின் நேரடி வயலின் குழுவோடு ‘ஹவ் டு நேம் இட்’.